மண்டோருக்கு ஒரு ரப்பர் அறை

விடியற்காலை ஐந்து மணிக்கு மனிதன் செய்யவேண்டிய ஒரே காரியம் தூங்குவது. காஜா பெராங்கில் இருந்த எங்கள் முதியோர் இல்லத்தில் இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் நல்லையா. ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக ஆள் மேய்த்தவர். பக்கத்துக் கம்போங் செட்டி குடியிருப்பில் ஒரு வீட்டுச் சேவல் கூவியதும் எழுந்து அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெரட்டு எடுப்பார். வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அவர் கூப்பிட்ட பெயர்களில் பாதிப் பேர் செத்தே போயிருந்தார்கள். அவர்களையும் விடாமல் திட்டுவார்.

நான் கலியாணசுந்தரம், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி. பெரட்டில் நின்று எனக்குப் பழக்கமில்லை. அதனால் இல்லத் தலைவர் தேவதாசுக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். கூட இருந்த பழைய ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்கள் ஏழு பேர் கைநாட்டு வைத்தார்கள். என் மனுவுக்கு அதுவரை எவரும் பதில் போட்டதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதினேன். இதற்குப் பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் பிறப்பதற்குள் சத்தம் நிற்கவேண்டும் என்றும், தானே ஒரு நாள் காலையில் வந்து கேட்கப்போவதாகவும், நிற்காவிட்டால் நல்லையாவை வெளியே அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருந்தார்.

எங்கே அனுப்புவார்? நல்லையாவுக்குக் கிளேபாங்கில் ஒரு மகள் இருந்தாள். அவள் புருஷன்தான் போன வருஷம் மாமனாரையும் டிரங்குப் பெட்டியையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனவன். எனக்கு வெட்கமாகிவிட்டது. தூக்கத்துக்கு ஆசைப்பட்டேனே தவிர, ஒரு கிழவனைத் தெருவில் நிறுத்த ஆசைப்படவில்லை.

நல்லையாவிடம் கெஞ்சினோம். தலையாட்டினார். மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போலக் கூப்பிட்டார். கேட்டால், வாய் தானாகத் திறந்துகொள்கிறது என்றார்.

ஏழு பேரில் மூத்தவரான சுப்பையன், அறையை ரப்பரால் மூடிவிடலாம் என்றார். ஆயுசு முழுக்க ரப்பரோடு மல்லுக்கட்டியவருக்கு வேறென்ன தோன்றும்? தெங்கேராவில் ஒரு வியாபாரி, விலைபோகாத ரப்பர் ஷீட்டுகளைச் சும்மா கொடுத்தார். ஏழு பேரும் உட்பக்கமாகச் சுவர், கூரை, கதவு, ஜன்னல் என்று ஒன்றையும் விடாமல் இரட்டை அடுக்காக ஆணியடித்தார்கள். தோட்டத்துத் துரையே வந்தாலும் குறை சொல்ல முடியாத வேலை. புகைபோட்டு உலர்த்திய ஷீட்டின் நாற்றம் குடலைப் புரட்டியது. நல்லையா அதை ஆசையாக இழுத்து மூச்சு விட்டு, இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டே கூப்பிடுகிறேன் என்று சம்மதித்து, அன்று ராத்திரியே தாழ்ப்பாள் போட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையிலேயே தேவதாஸ் குடையோடு வந்து நின்றார். சேவல் கூவியது. அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் சிரித்தார், நானும் பல்லைக் காட்டினேன். அப்போது சுப்பையன் என் காதருகே வந்தார்.

"சன்னலையும் சேத்து அடைச்சிட்டோமே கிராணி. உள்ள காத்து எப்படிப் போகும்?"

ஓடிப்போய்க் கதவைத் தட்டினோம். உள்பக்க ரப்பர் வாங்கிக்கொண்டதில் எங்கள் குத்து தலையணையில் விழுந்த மாதிரி செத்துப்போனது. சுப்பையன் முழங்காலிட்டு, கதவடியில் ஷீட் கொஞ்சம் தூக்கியிருந்த இடத்தில் வாயை வைத்து, "சுப்பையன் இருக்கேங்க மண்டோரே" என்று கத்தினார். மற்ற ஆறு பேரும் பெரட்டில் நிற்பதுபோல அவரவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இங்கிலீஷ் மனு எழுதிய நானும் தரையில் விழுந்து, கலியாணசுந்தரம் இருக்கேங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கண் வீங்க, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நல்லையா நின்றார். சேவல் சத்தம் உள்ளே போகவில்லையாம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக விடிந்தது தெரியாமல் தூங்கினாராம்.

தேவதாஸ் குடையை ஊன்றி, ஊரைக் கூட்டிய இந்தச் சத்தம் யாருடையது, இப்போது யாரை வெளியே அனுப்புவது என்று கேட்டார். நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து முன்னால் போய் நின்றேன்.

"எங்க எட்டுப் பேரோடதுங்க. அனுப்புறதுன்னா எங்கள அனுப்புங்க. அவரு தூங்கட்டும்."