போளூர் பஸ்ஸில் அழுத குழந்தை

பானுப்ரியா பிறந்து ஐந்து மாதம் முடிந்தும் அவள் ஆரணியில் தன் தெருமுனையைக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் கற்பகத்தின் வயிற்றில் தங்கவில்லை. தங்கிய இவளை ஜெகநாதன் வெயிலும் காற்றும் படாமல் வைத்திருந்தான். நெய்துகொண்டிருக்கும்போதே தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவான்.

தைமாதம் போளூரில் அவன் தங்கை கீதா புதுவீடு குடிபோனாள். அண்ணன் சீரோடு போகாமல் இருக்க முடியாது. தான் மட்டும் போய் வருவதாகச் சொன்னான். கற்பகம் ஒப்பவில்லை. அவளும்தானே ஐந்து மாதமாக நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனக்குத் தெரியும் என்று அடித்துப் பேசினாள். பேசிவிட்டாளே தவிர உள்ளுக்குள் பயம்தான்.

பனிக்காலம் என்பதால் ஒரு குல்லாவும் வெள்ளைக் கம்பளி சாக்சும் வாங்கினாள். எங்கே வைப்பது? அலமாரியில் கரப்பான், பரண்மேல் எலி. நெசவுக்காரர் வீட்டில் சுத்தமான இடம் நூல் இருக்கும் இடம்தான். ஈரக்கையோடோ எண்ணெய்க்கையோடோ யாரும் அதைத் தொட மாட்டார்கள். அவள் தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் தாராகச் சுற்றி வைக்கும் மூடிபோட்ட கூடையில், சிவப்புப் பட்டுத் தார்களுக்கு அடியில் சாக்சைப் பத்திரப்படுத்தினாள்.

புறப்படும் நாள் விடிவதற்குள் குழந்தையைக் குளிப்பாட்டி, சாக்ஸ் மாட்டி, குல்லா போட்டு, துண்டில் சுற்றிவிட்டாள். பக்கத்துவீட்டு ரங்கம்மாள் கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று மைப்பொட்டு வைக்க வந்தாள். சாக்ஸ் போட்டாயிற்றே, திரும்பக் கழற்றுவானேன் என்று கன்னத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டிலேயே குழந்தை சிணுங்கியது. பஸ் ஏறியதும் அழுதது. களம்பூர் வருவதற்குள் அழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது. முகம் கறுக்கும்வரை மூச்சை அடக்கி, பிறகு வீறிட்டது. மாராப்புக்குள் விட்டுப் பார்த்தாள், பால் குடிக்கவில்லை. ஒருத்தர் வயிற்றுவலி என்றார், ஒருத்தர் காதுவலி என்றார். பின்சீட்டுக் கிழவர் திருஷ்டி என்று முடித்துவிட்டார். ஜெகநாதன் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடி, துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினான். அப்போதே சொன்னேன் என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்தான். கற்பகத்துக்கு அது போதும். கண்ணில் நீர் முட்டியது.

முன்சீட்டில் இருந்த நடுவயதுப் பெண் எழுந்து வந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸ் என்றாள்.

"துணியெல்லாம் அவுத்துடும்மா. ஒண்ணு வுடாம."

"காத்து அடிக்குதே."

"அடிக்கட்டும். அவுத்துடு."

காதைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், இடுப்புத் துணியைப் பிரித்தாள். ஒன்றுமில்லை. கடைசியாகச் சாக்சை உருவினாள். வலதுகாலின் இரண்டாவது விரல் களாப்பழம் மாதிரி கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்றார் கிழவர். நர்சுக்கும் வேறொன்றும் தெரியவில்லை. ஜெகநாதன் குனிந்தான். வீக்கத்தின் அடியில் மயிரளவு ஒரு கோடு.

"நூலு," என்றான். "எங்க தறியில ஓடிகினு கீதே, அந்தச் செவப்பு."

சதைக்குள் புதைந்து, சதை நிறத்திலேயே இருந்தது. குழந்தை காலை உதைக்க உதைக்க இறுகிவிட்டது. இப்படியே விட்டால் ரத்தம் போகாமல் விரல் செத்துவிடும் என்று நர்ஸ் ஒளிக்காமல் சொன்னாள். கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். யாரோ பிளேடு நீட்டினார்கள். பிளேடு வேண்டாம், விரலோடு போய்விடும் என்று நர்ஸ் அதைத் தள்ளிவிட்டுக் குழந்தையின் காலைக் கெட்டியாகப் பிடித்தாள்.

ஜெகநாதன் கற்பகத்தின் தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கேட்டு வாங்கினான். ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் அறுந்த ஒன்றைத் தினமும் தேடிப் பிடிக்கிறவன். ஆனால் இப்போது ஊக்கு நுனியைக் கோட்டருகே கொண்டுபோய், குத்திவிடுமோ என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வைத்தான், திரும்பவும் இழுத்துக்கொண்டான்.

கற்பகம் அவன் காதருகே சொன்னாள்: "பாவுல அறுந்த இழைய எடுக்கறன்னு நெனச்சிக்கோங்க. நம்ம கொழந்தைன்னு நெனக்காதீங்க."

அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். முதல் தடவை ஊக்கு வழுக்கியது. இரண்டாவது தடவையும்தான். மூன்றாவதில் கோட்டுக்கு அடியில் நுனி நுழைந்து தூக்கியது. கட்டைவிரல் நகத்தால் இழையை அறுத்து, சுற்றிவந்த இரண்டு சுற்றையும் பிரித்து எடுத்தான். விரலில் மெட்டி போட்ட மாதிரி தடம் பதிந்திருந்தது. நர்ஸ் விரல் நுனியை அமுக்கி விட்டாள். வெளுத்த இடம் மெல்லச் சிவந்தது.

"ரத்தம் ஓடுது. எதுக்கும் போளூர்ல டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க."

குழந்தை இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுப் பாலுக்கு வாய் வைத்தது. பஸ் கிளம்பியது. ஜெகநாதன் சாக்சை உள்பக்கம் புரட்டினான். கம்பளியில் இன்னொரு சிவப்பு இழை சிக்கியிருந்தது. கற்பகம் கூடையில் வைத்ததைச் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"நானா இருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன்," என்றான்.

டாக்டர் பார்த்து, பயமில்லை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். கீதா வீட்டுக்குப் போகும்போது பால் பொங்கி, பந்தி ஆரம்பித்திருந்தது. அண்ணன் இல்லாமல் பால் காய்ச்சினேன் என்று கீதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் மருமகளுக்கு வாங்கிய பட்டுப் பாவாடைச் சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். கற்பகம் அதை வாங்கி அங்கேயே உள்பக்கம் புரட்டி, ஒவ்வொரு தையலாக விரலால் தடவ ஆரம்பித்தாள்.

"இன்னா அண்ணி, கிழிஞ்சி கீதான்னு பாக்கறியா?"

கற்பகம் குழந்தையின் காலைத் தூக்கிக் காட்டினாள். ஜெகநாதன் நடந்ததைச் சொன்னான். கீதா கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு கற்பகம் மடியிலிருந்து சட்டையின் ஒரு கையை இழுத்துக்கொண்டு, "நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கறேன்," என்றாள்.

குழந்தை வெறுங்காலோடு ஜெகநாதன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.