தயாவதிக்காக மாற்றிய நேரம்

தெருக்கதவின் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித்தான் திறந்தாள் தயாவதி. விரல்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. முடக்குவாதம் வந்த பிறகு அவள் உடம்பில் கைகள்தான் கடைசியாக விழிக்கின்றன. காலைச் சமையல் முடிந்து வெயில் ஏறிய பிறகுதான் மடங்கவும் விரியவும் சம்மதிக்கும். இப்போது வெளியே இருட்டே விலகவில்லை. உள்ளே கணவர் நேமிநாதன் புரண்டு படுத்து, "இந்தக் கைய வெச்சிக்கினு பந்து ஆடலன்னா என்னாவாம்" என்றார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற மனிதர் இல்லை அவர். அடுத்த நிமிடம் குறட்டை கேட்டது.

பூப்பந்து அவள் கல்லூரி நாளிலிருந்து ஆடுவது. டாக்டரும் விளையாட்டை விட்டுவிட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். சாயங்காலத்தில் அவளும் மற்றப் பெண்களைப் போலத்தான். மஞ்சள் பந்து வலையை உரசிக்கொண்டு வரும்போது சென்டரில் நின்று தட்டிவிடுவாள். அந்த நேரத்தில் மாத்திரை டப்பா நினைவுக்கே வராது. குழுவில் யாரிடமும் நோயைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர்களிடம் சொன்னதிலிருந்து கல்யாண வீட்டில் ஒரு தாம்பாளத்தைக்கூடத் தூக்க விடுவதில்லை. உட்காரும்மா, உட்காரும்மா என்று ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, அதோடு அவளை மறந்தும் போனார்கள். மைதானத்திலும் அப்படி ஒரு நாற்காலி விழுந்துவிட்டால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

சாயங்கால ஆட்டத்தில் ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. சமண வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது தயாவதி பேட்டை உறையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். மாவட்டப் போட்டி நெருங்கியதும், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கும் கேப்டன் ஷாரோன், வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாள்: "தயாக்கா பாவம், டெய்லி பாதியில ஓடறாங்க. அவங்களுக்காக நாளையிலேர்ந்து மார்னிங் பிராக்டிஸ்." கீழே வரிசையாகக் கைதட்டல்கள். தயாவதி வெகுநேரம் ஃபோனைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கைதட்டலைப் போட்டாள். பிரியத்தோடு ஒருத்தி நம் காலையே வாரிவிடும்போது என்ன சொல்லித் தடுப்பது?

அதே வழக்கப்படி, சூரியன் உதிக்கும் முன் அவள் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டாள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடக் கூடாது. வெந்நீரில் கைகளை ஊறவைத்ததோடு சரி. தன் ஊரான திருப்பருத்திக்குன்றத்திலிருந்து மைதானத்துக்கு வந்த ஷேர் ஆட்டோவில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துச் சூடேற்றியபடியே உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் மற்றவர்கள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரோரமாகப் போய், பேட்டின் பிடியைக் கையோடு சேர்த்துக் கைக்குட்டையால் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்தாள்.

முதல் பந்து நேராக அவளிடம்தான் வந்தது. கண் பார்த்தது, கால் போனது, கைக்குள் பிடி திரும்பிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. வலி மணிக்கட்டில் தொடங்கித் தோள்வரை இழுத்தது.

"தூக்கம் கலையலையாக்கா?" என்று முன்வரிசையில் இருந்த சிம்ரன் சிரித்தாள். தயாவதியும் சிரித்துவைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஷாரோன் சிம்ரனைச் சென்டருக்கு மாற்றிவிட்டு, தயாவதியைப் பின்வரிசைக்கு அனுப்பினாள். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"போட்டிக்கு இன்னிக்கே பேரு குடுக்கணும்க்கா. சென்டருக்கு உங்க பேரத்தான் நெனச்சிக்கினு இருக்கேன். ஒடம்புக்கு எதனா இருக்குதா?"

"ஒண்ணுமில்லம்மா. காலைல பழக்கம் இல்ல, அவ்ளோதான்."

அந்தப் பொய் வாயிலிருந்து சுலபமாக வந்துவிட்டது. வந்த பிறகுதான், இத்தனை பேர் நடுவில் தான் எவ்வளவு தனியாக நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்து மடியில் போட்டு, அதன்மேல் துண்டைப் போட்டுக் கைகளை மூடிக்கொண்டாள்.

கிழக்கே தென்னைகளுக்கு மேல் சூரியன் வந்துவிட்டது. பட்டுக் கடையில் வேலை பார்க்கும் ரேணுகாம்பாள், எல்லாரும் உட்கார்ந்திருந்த சிமெண்டுப் படியில் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளர்களில் டீ ஊற்றினாள்.

"தண்ணிய வெள்ளத் துணில வடிகட்டித்தான் போட்டேன்க்கா. உங்க வீட்ல அப்டித்தான் செய்வாங்கன்னு ஷாரோன் சொல்லிச்சி" என்றபடி, விளிம்புவரை நிறைந்த டம்ளரைத் தயாவதியின் முன்னால் வைத்தாள். "பொழுது வர்ற வரைக்கும் நாங்களும் தொடக்கூடாதுன்னு வெச்சிருந்தோம். மொதல்ல நீங்க குடிங்க."

தயாவதி துண்டுக்கடியிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். விரல்கள் டம்ளரைச் சுற்றி நின்றன; சூடு தெரிந்தது, பிடி கிடைக்கவில்லை. இடது கையையும் கொண்டுவந்தாள். டம்ளர் லேசாக நகர்ந்து டீ படியில் தளும்பியது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஷாரோன், மெல்லக் கண்ணை இறக்கிக் கைகளைப் பார்த்தாள். மற்றவர்கள் ஆவி பறக்கும் டம்ளர்களை ஏந்தியபடி, ஒருத்தியும் வாயில் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.