மௌனியின் வயிறு

இரண்டு கூண்டுகளுக்கு நடுவில் இருந்த கதவின் தாழ்ப்பாளில் டாக்டர் கை வைத்ததும், குரங்குகளைப் பராமரிக்கும் அண்ணன் தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சண்டை மூண்டால் பீய்ச்சித்தான் விலக்க வேண்டும்.

இந்தப் பக்கம் மௌனி என்ற குரங்கு, எலும்பும் தோலுமாக. காலில் புண் சீழ் வைத்தபோது டாக்டர்தான் அதைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே அடைத்தாள். மருந்தில் புண் ஆறியது, பேதி பிடித்துக்கொண்டது. தொற்றோ என்று பயந்து, தினமும் தரையைக் கிருமிநாசினி விட்டுத் தேய்க்கவும் தட்டைக் கொதிக்க வைக்கவும் சொன்னாள். சுத்தம் கூடக் கூட மௌனி இளைத்தது. கெட்ட கிருமி எதுவும் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. நல்லதும் இல்லை.

குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரே குடியிருக்கிறது. தின்றதைச் செரிக்க உதவும். இடத்தை அடைத்துக்கொண்டு நோயை அண்ட விடாது. புண்ணுக்குக் கொடுத்த மருந்து அந்த ஊரையும் காலி செய்துவிட்டது. கூட்டத்தில் இருந்திருந்தால் மெல்ல மெல்லத் திரும்பியிருக்கும். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும், அந்த விரலையே வாயில் வைக்கும், ஒட்டிக்கொண்டு தூங்கும். நெருங்கிப் பழகும் இரண்டின் வயிறும் உள்ளே ஏறக்குறைய ஒன்றுபோல ஆகிவிடும். தேய்த்துக் கழுவிய தனிக்கூண்டில் மௌனிக்கு அந்த நல்ல கிருமிகளை யார் கொடுப்பார்கள்? மற்றக் குரங்குகளின் மலத்தைப் பழத்தில் மறைத்துக் கொடுத்தும் பார்த்தாயிற்று. மோந்து பார்த்து அண்ணன் மூஞ்சியிலேயே எறிந்தது.

"இத்தன நாள் பிரிஞ்சு இருந்தத சேத்துக்குமா டாக்டரம்மா? போன தடவ ஒண்ண இப்படி விட்டுட்டு, மறுநாள் நாமதான் குழி தோண்டினோம்."

"விடலன்னாலும் தோண்டத்தாண்ணே போறோம்."

"அப்ப நீங்களே தொறங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

திறந்தாள். மௌனி தவழ்ந்து போய்க் குனிந்து உட்கார்ந்தது. கூட்டத்தின் தலைவி மகாராணி பல்லைக் காட்டிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தது. ஓங்கி ஓர் அறை விட்டது. மௌனி சுருண்டு விழுந்தது.

அண்ணன் குழாயை நீட்டினார்.

"இருங்கண்ணே."

"கொன்னுடும்மா."

"இப்ப தண்ணி அடிச்சா, இனிமே எதுவும் அது கிட்டயே வராது."

மகாராணி மௌனியின் பிடரியைக் கொத்தாகப் பிடித்து அழுத்தியது. போன தடவையும் கடி விழுந்தது பிடரியில்தான். முகத்தை அருகே கொண்டு போனது. மற்றொரு கையின் விரல்கள் மயிரை விலக்கின. எதையோ கிள்ளி எடுத்து வாயில் போட்டு மென்றது.

பிடரியைப் பிடித்த கை மட்டும் இன்னும் தளரவில்லை.