பல் மருத்துவர் கட்டிய கணினி

மாமியார் வீட்டுக் கணினி சூடு தாங்காமல் தவிக்கிறது என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, பெரிய மாப்பிள்ளையின் உள்ளத்தில் ஊறிய மகிழ்ச்சி நல்லவர்களுக்கு உரியதன்று. அது அவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும், திருப்புளிகளைத் துடைத்துப் பையில் அடுக்குகையில் உதடு தானாகவே சீட்டியடித்தது.

“பெட்டிக்குக் காய்ச்சல்னா உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?” என்றாள் மனைவி.

காரணம் அவளும் அறிந்ததே. அலுவலகமொன்றில் கணினிகளைப் பராமரிக்கும் அவரே, மணமான நாள்முதல் அந்த வீட்டுக்கும் கணினி வைத்தியர். அச்சுப்பொறி முரண்டு பிடித்தாலும் இணையம் அறுந்தாலும் அங்கே எழும் முதற்குரல் ‘பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு’ என்பதே. பிறகு மனைவியின் தங்கையை ஒரு பல் மருத்துவர் மணந்தார். பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாதா? விளையாட்டுக் கணினிகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டுவது அந்த மனிதரின் பொழுதுபோக்கு. மைத்துனனுக்கும் ஒன்று கட்டித் தந்தார். ஒருபக்கம் முழுதும் கண்ணாடி. உள்ளே வண்ண ஒளி சிந்தும் விசிறிகள். அதன்பின் பெரிய மாப்பிள்ளையை அந்த வீட்டார் சாப்பிட மட்டுமே அழைத்தார்கள்.

இறைவன் தன் அன்பரைப் பலவாறு சோதிப்பான் என்று அவர் ஓதியிருக்கிறார். அதற்கு ஒரு பல் மருத்துவரை அனுப்புவான் என்று எந்தப் பதிகத்திலும் கண்டதில்லை.

மைத்துனன் வாசலிலேயே காத்திருந்தான். அன்று மாலை அவனுடைய கணினி விளையாட்டு அணிக்குத் தேர்வுப் போட்டி. தோற்றால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். புதிய விளையாட்டை ஏற்றியதிலிருந்து, கொஞ்ச நேரம் ஆடினாலே கணினி திணறித் தானாகவே அணைந்துவிடுகிறதாம். சின்ன அத்தானைக் கேட்டானாம். நோயாளிகள் காத்திருப்பதால் மாலைதான் வரமுடியும் என்றாராம். ஆக, தமக்கு வந்தது இரண்டாவது அழைப்பு என்பது பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது.

விளையாட்டை ஓடவிட்டு, திரையோரத்தில், கணினியின் மூளையான செயலியின் வெப்பநிலையை நோக்கினார். எண் மளமளவென்று ஏறித் தொண்ணூற்றைத் தாண்டியது. நல்லது என்று எண்ணிக்கொண்டார். இத்தனை சூட்டுக்கு எங்கோ ஒரு பிழை இருந்தே தீரும். பிழை இருந்தால் அதைச் செய்தவரும் இருப்பார்.

கண்ணாடிக் கதவைக் கழற்றித் தூசியைத் தேடினார், இல்லை. விசிறியைத் திசைமாற்றிப் பூட்டியிருக்கலாம் என்று மெல்லிய தாளொன்றைப் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் காற்று உள்ளே வந்தது, பின்பக்கம் வெளியே போயிற்று. சூடு ஏற ஏற விசிறிகளின் வேகமும் முறையாக ஏறியது. கம்பிகளோ வாரிப் பின்னிய கூந்தல்போல ஒரு பிசிறின்றி ஓடின. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, அவருக்கு வயிறு எரிந்தது. செயலிக்காவது தலைக்குமேல் ஒரு விசிறி சுற்றுகிறது.

“எல்லாம் கரெக்டா இருக்கா அத்தான்?”

“இருக்கு, இருக்கு. பல்லு வரிசை மாதிரி இருக்கு.”

மைத்துனன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

எஞ்சிய நம்பிக்கை, செயலிக்கும் அதன்மேல் அமர்ந்து சூட்டை வாங்கும் கூலருக்கும் இடையே தடவும் பசை. அதைச் சரியாகப் பூசாவிட்டால் சூடு மேலேறி வெளியேறாது. ஒளிவிசிறியை விலக்கி, திருகுகளை மூலைமாற்றித் தளர்த்தி, கூலரைப் பெயர்த்தெடுத்தார். பசை ஓரத்தில் வழியாமலும் நடுவில் விட்டுப்போகாமலும் சீராகப் படர்ந்திருந்தது. சொத்தைப் பல்லை அடைத்துப் பழகிய கை.

அப்போதுதான், விசிறிக்குப் பின்னே மறைந்திருந்த கூலரின் தகடுகளைக் கண்டார். ஒரு மூலையில் அவை இடுக்கியால் வளைக்கப்பட்டு அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன. வளைத்தவரும் தேய்த்தவரும் அவரே. மைத்துனனின் பழைய கணினிக்கு அவர் வாங்கி, அதன் குறுகிய பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்த கூலர் அது. அந்தச் சிறிய செயலிக்கு அது போதும். இந்தப் பெரிய செயலிக்கு அது காட்டுத்தீக்கு ஒரு செம்புத் தண்ணீர்.

“இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?”

மைத்துனன் கழுத்தைச் சொறிந்தான். “அம்மாதான். பெரிய மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது ஒண்ணாவது உள்ள இருக்கட்டும், இல்லன்னா அவர் முகம் வாடிடும்னாங்க. இது தாங்காதுன்னு சின்ன அத்தான் அப்பவே சொன்னாரு.” பல் மருத்துவர் வாங்கிய பெரிய கூலர் அலமாரியில் பிரிக்காமலே இருப்பதாகவும் சொன்னான். “இதனாலயா அத்தான் இப்படி ஆகுது?”

மரியாதையாக இருந்தால் பொறுத்திருப்பார், இது இரக்கம். அழுகிற குழந்தையின் கையில் திணிக்கும் கிலுகிலுப்பையாகத் தம் கூலரை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

“இதனால இல்ல” என்றார்.

புதுப்பசை தடவி அதே கூலரைப் பூட்டினார். அமைப்புகளுக்குள் புகுந்து, செயலி இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு கட்டினார். மின்சாரம் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சூடும் குறையும். கால்வலி என்று வந்தவனை நடக்கவே விடாமல் உட்காரவைக்கும் வைத்தியம் அது. எண் எழுபதில் அடங்கி நின்றது. சின்ன மாப்பிள்ளை அமைப்புகளைத் தவறாக வைத்துவிட்டார் என்று கூடம்வரை கேட்கும்படி சொன்னார்.

“நான் சொல்லல? என்ன இருந்தாலும் பெரிய மாப்பிள்ளை கை வச்சா தனிதான்” என்றபடி வந்தார் மாமியார். நெடுநாள் பட்டினிக்குப்பின் கிடைத்த கவளம்போல அந்தச் சொல் உள்ளே இறங்கியது.

மாலையில் பல் மருத்துவர் வந்தபோது மைத்துனன் பயிற்சி ஆட்டத்தில் இருந்தான். எதிரிகள் கூட்டமாக நுழையும்போதெல்லாம் திரை விக்கியது. அவன் உதட்டைக் கடித்தான். பெரிய அத்தான் பக்கம் திரும்பவில்லை. பல் மருத்துவர் குனிந்து, செயலியின் வேகத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது பெரிய மாப்பிள்ளைக்கும் புரிந்தது. இனி இந்த ஆள் வாய்திறந்து குட்டை உடைக்கட்டும். அப்போதாவது மனமார வெறுக்கலாம்.

“தப்பு என்னோடதுதான்” என்றார் பல் மருத்துவர், மாமியாரிடம். “எந்தக் கூலர் பொருந்தும்னு நான்தான் பார்த்து வச்சிருக்கணும். அண்ணா இருக்கிறத வச்சு சமாளிச்சிருக்காரு.”

கைத்திறம் அவருடையது. வீட்டாரின் முதல் அழைப்பும் அவருக்கே. இப்போது பெருந்தன்மையுமா? பெரிய மாப்பிள்ளையின் அழுக்காறு அதுவரை காணாத உச்சியைத் தொட்டது. அந்த ஒன்றையாவது இவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்ற வெறியில் வாய் திறந்தது.

“அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான் கொடுத்த கூலர் பத்தாது. தெரிஞ்சும் வேகத்தக் குறைச்சு மூடி மறைச்சேன். அலமாரியில இருக்கிறத எடு.”

வாய்மையின்மேல் கொண்ட பற்றினால் சொன்னதாக அவர் தம்மையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. பாராட்டு வரும் என்று மட்டும் ஒரு மூலையில் எதிர்பார்த்தார்.

“சின்ன மாப்பிள்ளை அப்பவே சொன்னாரு” என்றார் மாமியார், தடுத்தது யாரோ என்பதுபோல.

நேரம் நெருங்கியது. திருப்புளியைப் பெரிய மாப்பிள்ளை யாருக்கும் தரவில்லை. பல் மருத்துவர் விளக்கைப் பிடித்தார். எந்தப் பக்கம் ஒளி வேண்டுமென்று இவர் சொல்லும்முன்பே அந்தப் பக்கம் ஒளி விழுந்தது. அதுவும் பிடிக்கவில்லை. பெரிய கூலர் ஏறியமர்ந்ததும் மின்வரம்பை நீக்கிக் கணினியை எழுப்பினார்கள். போட்டி தொடங்கிற்று. திரை விக்கவில்லை, மைத்துனனின் தோள்கள் தளர்ந்து இலகுவாயின.

பெரிய மாப்பிள்ளை நாற்காலிக்குப் பின்னே நின்றார். அவன் வெல்ல வேண்டும் என்று உளமார வேண்டிக்கொண்டார். கண் மட்டும் திரையோரத்தை விட்டு அகலவில்லை. சூட்டைக் காட்டும் எண் அறுபத்தைந்தில் அசையாமல் நின்றது. ஒன்றிரண்டு பாகையாவது ஏறாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.