அஸருக்குப் பின் அணையும் விளக்கு

வீட்டுக்கு இன்டர்நெட் வாங்குவது மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய பாடு என்று ஸைமாவுக்கு 2008ஆம் வருஷத்து ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. அட்டுவம்பட்டியில் தேர்வுக்கு நின்றவர்கள் மூன்று பேர். ஞானவேலின் கேபிள் மாசம் முந்நூறு ரூபாய்தான், எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அவன் ஒயர் தைல மரத்துக்குத் தைல மரம் தாவி வந்தது. காட்டெருமை ஒன்று கழுத்தைச் சொறிந்துகொண்டால் தெருவுக்கே படம் தெரியாது. அடுத்தது, கம்ப்யூட்டரில் சொருகும் டேட்டா கார்டு. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் அது பிரமாதமாக வேலை செய்தது, மேகம் இறங்காத நாளாக இருந்தால். மூன்றாவது போன் ஆபீஸ். மாசம் ஐந்நூறு, அளவு தாண்டினால் பில் எகிறும். ஆனால் லைன் நிற்கும் என்றார்கள்.

நிற்க வேண்டும் என்பதுதான் ஸைமாவின் கவலையெல்லாம். மதுரைக் கம்பெனி ஒன்று அவளைச் சோதனைக்கு எடுத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் வாய்க்குள் முணுமுணுத்துப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு, தட்டச்சு செய்து, தினமும் பொழுது சாயும் மக்ரிப் தொழுகைக்குள் அனுப்ப வேண்டும். இருமலையும் ஏப்பத்தையும் தாண்டிச் சொல்லைப் பிடிக்கும் காது அவளுக்கு இருந்தது. லைன் இல்லையென்றால் அந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படித்து முடித்த நாளிலிருந்து அவள் தேடிய வேலை இது. "அடிக்கடி தவறினா வேற ஆளைப் பாத்துக்குவோம் மேடம்" என்று கம்பெனிச் சூப்பர்வைசர் முதல் நாளே தேனொழுகச் சொல்லிவிட்டான்.

இந்த வேலைக்கு அவளைவிட அதிகம் ஆசைப்பட்டவர் அவள் மாமனார் பாவா. பஜாரில் தைலக்கடை வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டரை வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து கடைக்கு மேடேறி வந்ததும் வீட்டுக்குப் போன் போடுவார். இளைப்புக்காரர். ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை பேச மாட்டார். ரிசீவரில் வெறும் மூச்சுதான் கேட்கும். மாமி ரஹ்மத் பீவி கட்டிலோரத்துச் சிவப்புப் போனைக் காதில் வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பாள். மூச்சு அடங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஸைமாவுக்குச் சோலி கெடைச்சுதா?" என்பதாக இருக்கும்.

கிடைக்கும் முன்னே, நோன்பு மாசத்தில் அவர் மவுத்தாகிவிட்டார். அடக்கத்துக்கு முன் மையித்து வீட்டில் இருக்கும்போது சிவப்புப் போன் விடாமல் அடித்தது என்று, ஸைமாவின் கணவன் ஷபீர் அதன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டான். ஹாலில் ஒரு போன் போதும் என்றான். மாமி அன்றிலிருந்து இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. அறை வாசலில் திரை தொங்கியது.

போன் ஆபீஸிலிருந்து லைன்மேன் செல்லப்பாண்டி வந்தார். ஹாலில் மோடத்தை வைத்து, போனுக்கு ஒரு சின்ன வெள்ளை டப்பாவை மாட்டினார். பாஸ்வேர்டு என்ன என்று ஸைமா கேட்டதற்கு, "பாஸ்வேர்டுதாங்க" என்றார். மோடத்தில் பச்சை லைட் கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு நிலையாக நின்றது.

"இடி இடிச்சா ரெண்டு ஒயரையும் பிடுங்கிருங்கம்மா. இல்லன்னா பெட்டி பொசுங்கிரும். வீட்ல வேற போன் கெடக்கா?"

"ஒண்ணுதாண்ணே" என்றான் ஷபீர்.

செல்லப்பாண்டி திரையைப் பார்த்தார். "அம்மா இருக்காகளா? சரி சரி, நான் உள்ள வரல" என்று, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஊர் மரியாதை தெரிந்த மனிதர். மரியாதை தெரியாதவராக இருந்திருந்தால் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்.

லைட் பகலெல்லாம் கல்லுப்பிள்ளையாராக நின்றது. அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆனதும் அணைந்தது. பிறகு தானே வந்தது. மறுநாளும் அதே வேளையில் அணைந்தது. அதற்கு மறுநாளும். ஸைமா ஒயரை மாற்றிப் பார்த்தாள், மோடத்தைத் துடைத்தாள், மழையைத் திட்டினாள், குரங்கைத் திட்டினாள். ஆனால் எந்தக் குரங்கு அஸர் பார்த்து வரும்? அந்த வேளை யாருடைய வேளை என்று அவள் மனசுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லத்தான் பயமாக இருந்தது. மதுரையிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்த அன்று செல்லப்பாண்டிக்குப் போன் செய்தாள்.

"அது வேற ஒண்ணுமில்லம்மா. டப்பா மாட்டாத போனு ஒண்ணு அதே லைன்ல இருந்து, அதை யாராச்சும் எடுத்தா லைட்டு போயிரும். எடுத்தவங்க காதுல ஸ்ஸுன்னு இரைச்சலு கேக்கும். பெட்டி ஓடுற வரைக்கும்தான். பெட்டிய அணைச்சா சத்தமும் போச்சு."

"வேற போன் இல்லியேண்ணே. மாமா ரூம்ல ஒண்ணு கெடக்கு, ஆனா அதைப் பிடுங்கிப் போட்டாச்சு."

"அப்ப யாரும்மா எடுக்குறது?"

ஸைமா ரிசீவரை வைத்துவிட்டாள்.

அன்று லைட் அணைந்ததும் திரையை விலக்கிப் பார்த்தாள். மாமி வெள்ளைச் சேலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு ரிசீவர் காதில். ஒயர் சுவரில் சொருகியிருந்தது. கண்ணை மூடி, யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி..."

"ச்சூ. அவுகதான்." மாமி ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "மொதல்ல சும்மா சொருகிப் பாத்தேன், அவுக சத்தம் ஒண்ணும் கேக்கல. நீ இந்தப் பெட்டிய வச்ச நாள்லருந்து வாராக. இன்னும் பேசல. மூச்சு வாங்குது பாவம். அடங்கட்டும், பேசுவாக."

ஸைமா வாங்கிக் கேட்டாள். ஸ்ஸ் என்று ஒரே சீரான இரைச்சல். மோடத்தின் சத்தம், வேறொன்றுமில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். மாமியின் முகத்தில், பாவா போன பிறகு முதல் தடவையாக, உயிர் இருந்தது. ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் போனை அப்படியே விட்டுவிடலாம் என்று அவள் சொன்னதற்கு, "விவரம் கெட்டாப்ல பேசாத" என்றான் ஷபீர். செல்லப்பாண்டியிடமிருந்து இன்னொரு வெள்ளை டப்பா வாங்கி வந்திருந்தான். "சோலி போயிரும். அம்மா ரெண்டு நாள்ல மறந்துருவாக."

மாமி தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போன நேரம் பார்த்து ஸைமா டப்பாவை மாட்டினாள். திருடியவள்போல் ஹாலுக்கு ஓடி வந்தாள். அன்று லைட் அணையவே இல்லை. கோப்புகள் எல்லாம் வெரசாய்ப் போய்ச் சேர்ந்தன. திரைக்குப் பின்னால் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது, வைக்கும் சத்தம் கேட்டது, மறுபடி எடுக்கும் சத்தம் கேட்டது.

மாமி மறக்கவில்லை. கஞ்சிக் கிண்ணம் ஆடை படிந்து அப்படியே திரும்பி வந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, போனை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொண்டாலாவது பதில் சொல்லலாம். கேட்காதவளுக்கு என்ன பதில் சொல்வது?

சோதனை முடிந்து, வேலை உறுதி என்று ஒரு மத்தியானம் மெயில் வந்தது. எத்தனை வருஷக் கனவு! துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஸைமா ஷபீருக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லிச் சந்தோஷப்பட வேண்டிய மனிதர் மண்ணுக்குள் இருந்தார். அஸருக்கு முன்பே வானம் இருட்டி இடி உறுமியது. அன்றைய கோப்புகள் பாதிதான் போயிருந்தன. மோடத்தின் இரண்டு ஒயர்களையும் அவசரமாகப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

இடி தூரமாகப் போன பிறகு திரைக்குள் எட்டிப் பார்த்தாள். மாமி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பேசிருப்பாக ஸைமா. இன்னும் ரெண்டு நாள் மூச்சு வந்திருந்தா பேசிருப்பாக."

ஸைமாவுக்கு நெஞ்சு தாங்கவில்லை. போகிறது சனியன் பிடித்த வேலை என்று ஒரு கணத்தில் முடிவு செய்தாள். குனிந்து வெள்ளை டப்பாவைக் கழற்றி, ஒயரை நேராகச் சுவரில் சொருகினாள். இரைச்சல் திரும்பிவிட்டதா என்று ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

திரும்பியிருந்தது. ஆனால் சீராக இல்லை. உள்ளே இழுத்தது, நடுவில் தடுக்கியது, வெளியே விட்டது, முடிவில் மெல்லிய ஒரு விசில். மழைக்கு லைன் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ரிசீவரை மாமியின் கையில் கொடுத்தாள். அந்த முகம் மலர்வதைப் பார்க்க முடியாமல் வேகமாக ஹாலுக்கு வந்தாள். இனி அஸர் வேளையில் வேலை செய்ய முடியாது என்று மதுரைக்கு எழுதிவிட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தவள் மோடத்தைப் பார்த்தாள். ஒரு லைட்டும் இல்லை. இரண்டு ஒயர்களும் அவள் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தன.

அறைக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

"ஸைமா! மூச்சு அடங்கிருச்சு. ஒனக்குச் சோலி கெடைச்சுதான்னு கேக்குறாக."

மெயில் வந்ததை அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பயமாக இருந்தது. பயத்துக்கும் கீழே, இத்தனை நாள் அழாத அழுகை ஒன்று பீறிட்டு வந்தது.

"கெடைச்சிருச்சுன்னு சொல்லுங்க மாமி."

"கெடைச்சிருச்சாம்" என்றாள் மாமி போனில்.

வெளியே மேகம் ஜன்னலை மூடியது. ஸைமா கீழே கிடந்த ஒயர்களைத் தொடவில்லை. மக்ரிப் பாங்கு சொல்லி, உள்ளே ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.