டர்போ ஆறும் நேரம்

பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியபோது வாசலை அடைத்துக்கொண்டு கார் நின்றது. சாவியைக் கேட்டார்கள். செவ்வந்தி அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்க்காமல் புருஷன் பச்சமுத்துவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எப்டிம்மா ஆச்சு?" மானாம்பதியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.

"சவாரி முடிச்சிக்கினு வந்தாரு. மாரடைப்பாம், கார்லயே போயிட்டாரு."

முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பச்சமுத்து வாடகைக்கு ஓட்டிய சின்ன டீசல் காரில், என்ஜினுக்கு இழுவை கூட்டும் டர்போ இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்ஜினை நிறுத்த மாட்டான். சூட்டில் சுற்றிய டர்போ, ஆயில் ஓட்டத்தில் ஆற வேண்டுமாம். அதுவரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். கட்டினவளிடம் ரெண்டு வார்த்தை பேச நேரமில்லாதவனுக்கு இரும்பை ஆற்ற மட்டும் நேரம் இருந்தது. அவள் அதற்குச் சக்களத்தி என்றே பேர் வைத்திருந்தாள். "இன்னாய்யா, எஞ்சக்களத்திய தூங்க வச்சிட்டியா?" என்று கேட்டுத்தான் சோறு போடுவாள்.

நேற்று மத்தியானமும் என்ஜின் ஓடியது. குழம்பைச் சுட வைத்தாள், ஓடியது. தட்டை எடுத்து வைத்தாள், அப்போதும் ஓடியது. இன்றைக்குக் கொஞ்சல் அதிகம்தான் என்று வயிறு எரிந்தது. நானாகப் போய்க் கூப்பிடுவதாவது என்று வீம்பாகப் படுத்துவிட்டாள். கடைசியில் திட்டுவதற்காகத்தான் வெளியே போனாள். ஸ்டியரிங்மேல் அவன் தலை சாய்ந்திருந்தது.

இப்போது சாவி வாங்க மெக்கானிக் சாம்சன் வந்து குனிந்தான். டர்போவா, சூப்பர்சார்ஜரா, எது உசத்தி என்று டீக்கடையில் பச்சமுத்துவோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றவன் அவன்தான்.

"தம்பி, நீ ஒண்ணு சொல்லுவியே, சூப்பர்சார்ஜரு. அத்தப் போட்டா வந்ததும் நிறுத்திடலாமா?"

அழுது வீங்கிய அவன் முகத்தில், பழைய சண்டை திரும்பக் கிடைத்த ஆறுதல் தெரிந்தது. "நிறுத்திடலாம் அண்ணி. அது பெல்ட்டுல சுத்தறது. மிதிச்சதும் இழுக்கும். டர்போ புகை வேகத்துல சுத்துது, அதான் அவ்ளோ சூடு. அண்ணன் எங்க கேட்டாரு? 'வீணாப் போற புகையில எனுக்கு ஓசியா பவர் கெடைக்குது, உன்னுது என்ஜின் கிட்டயே புடுங்கித் துன்னுது'ன்னுவாரு."

"அப்ப சத்தம் நின்னிருக்கும். நின்னும் ஆளு வரலன்னா, நான் போய்ப் பாத்திருப்பேன்."

சாம்சன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"இந்த மாதிரி சின்ன டீசல் வண்டிக்கு அது வர்றதே இல்ல அண்ணி. நான் சும்மா அண்ணன வம்புக்கு இழுக்க சொல்றது."

அவள் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

அவன் காரைப் புங்கமரத்தடிக்கு ஓட்டிப்போனான். பழக்க தோஷம், என்ஜினை ஓடவிட்டே இறங்கி மூங்கிலுக்குக் கை கொடுக்க வந்துவிட்டான். மேளக்காரர்கள் டீ குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் யாரும் அந்தச் சத்தத்தைக் கவனிக்கவில்லை.

செவ்வந்தி எழுந்தாள். "எங்கம்மா போற?" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். அதை விலக்கிவிட்டு, செருப்பில்லாமல் வெயிலில் நடந்துபோய்க் கார் கதவைத் திறந்தாள். சீட்டில் அவன் துண்டு கிடந்தது.

"யோவ், சோறு ஆறுது," என்றாள்.

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எட்டிச் சாவியைத் திருப்பினாள்.