கதவு: உண்டு / இல்லை

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. எங்கள் குடியிருப்பின் நான்காம் தளத்தில், அவசர வழிக் கதவை அடைத்துக்கொண்டு யாரோ ஒரு பழைய சலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பொருள், பார்வை, தேதி எல்லாம் முறையாகப் போட்டு, குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

"கடுதாசியா எழுதினா எவன் படிப்பான்? கதையா எழுதுங்க. முடிவு என்னன்னு பார்க்கவாவது படிப்பாங்க," என்றாள் மனைவி.

ஆகவே எழுதுகிறேன். முடிவைப் பற்றி மட்டும் நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கட்டட விதிகள் மனித உயிர்களைக் காக்கும் கவசம்." (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "புகை சூழ்ந்த அந்த மூன்றாம் தளத்தில்" (இதுவும் வேண்டாம். கதை தொடங்குமுன்பே கட்டடத்தைக் கொளுத்துவது முறையல்ல.)

மூன்றாவது: கட்டட ஆய்வாளர் கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

இது இருக்கட்டும்.

3

புகை வந்தால் கண் போய்விடும், பிறகு கைதான் கண் என்பது அவர் கட்சி. ஆகவே வழிக்கு மிகத் தொலைவான மூலையில் நின்று, கண்ணைக் கட்டி, சுவரைத் தடவித் தடவி அவசர வழிக் கதவுவரை அடிகளை எண்ணுவார். அலுவலகத்தில் அவருக்குக் 'கண்ணாமூச்சி' என்று பெயர்.

அன்று ஆய்வு, அவருடைய அத்தான் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில். மேல்தளம் அக்காவின் தையற்கூடத்துக்கு. திங்கட்கிழமை முப்பத்திரண்டு தையல் மிஷின்கள் ஏற வேண்டும், முப்பத்திரண்டு பெண்கள் உட்கார வேண்டும். பள்ளிச் சீருடை ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. ஆய்வாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பத்தொன்பதாவது அடியில் கை கதவில் பட்டது. தள்ளினார். அசையவில்லை.

"அத்தான், இந்தக் கதவு வெளிப்பக்கமா திறக்கணும். முண்டியடிச்சு ஓடி வர்றவங்க நின்னு நிதானமா உள்ள இழுத்துட்டு இருப்பாங்களா?"

"வெளிப்பக்கம் எப்படி மாப்ள திறக்கும்? அங்கதான் சுவர் இருக்கே!"

(இந்த வரியை நீங்கள் நம்புவீர்களா என்று இரண்டு நாள் யோசித்தேன். சுவருக்குப் பதில் கம்பிவலை போட்டுப் பார்த்தேன், பூட்டுப் போட்டுப் பார்த்தேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல.)

ஆய்வாளர் கண்கட்டை அவிழ்த்துவிட்டுக் கதவை இழுத்தார். எண்ணெய் போட்ட கீல், முனகாமல் திறந்தது. மேலே 'அவசர வழி' என்று பச்சை விளக்கு எரிந்தது. எதிரே சுவர். வெள்ளை அடித்த, அப்பழுக்கில்லாத சுவர்.

4

"படிக்கட்டு எங்க அத்தான்?"

"அந்த எடத்துல சரக்கு ரூம் கட்டிட்டேன். உங்க அக்காவுக்குத் துணி வைக்க எடம் வேணாமா?"

"வரைபடத்துல படிக்கட்டு இருக்கு."

"படிவத்துல என்ன கேட்டிருக்கு? கதவு உண்டா, இல்லையா. உண்டு. தேக்குக் கதவு மாப்ள! அதுக்குப் பின்னால என்ன இருக்கணும்னு எங்க கேட்டிருக்கீங்க?"

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். கேட்கவில்லைதான்.*

* படிவம் தயாரித்தவர், கதவென்றால் அந்தப் பக்கம் போகலாம் என்று நம்பிய அப்பாவி. விதிப்புத்தகம் ஏன் இவ்வளவு தடிமன் என்று நான் பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது புரிகிறது: ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் அத்தான் இருக்கிறார்.

5

அக்காவை அழவைக்கத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன். "கூடப் பிறந்த பாவத்துக்காவது" என்று மூக்கைச் சிந்தியபடி (விட்டுவிட்டேன். முப்பத்திரண்டு பேரை வேலை வாங்குகிறவள் மூக்கைச் சிந்தமாட்டாள்.)

முன்பக்கப் படியேறி வந்தவள் இப்படித்தான் பேசினாள்:

"ஏன்டா, ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடுற கை எனக்கு மட்டும் நோவுதா? திங்கக்கிழமை ஆரம்பிக்கலைன்னா ஆர்டர் கை மாறிடும். அத்தனை பொம்பளைங்களும் மூணு மாசம் வயித்துல ஈரத்துணியா போட்டுக்குவாங்க?"

"ஒரே ஒரு தடவை நடந்து பாருக்கா."

கைக்குட்டையைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டாள். தம்பியைப் போலத் தடவித் தடவி அல்ல, காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் போல விறுவிறுவென்று நடந்தாள். கதவை இழுத்தாள். போன வேகத்தில் சுவரில் 'நங்'கென்று மோதினாள்.

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா திரும்பவில்லை. சுவரை மேலும் கீழும் தடவினாள். இடது பக்கம், பிறகு வலது பக்கம்.

"எனக்குப் பின்னால முப்பத்திரண்டு பேர் வந்தா?" என்றாள், சுவரிடம்.

சிரிப்பு நின்றது. அவள் கைக்குட்டையை அவிழ்த்துக் கணவர் கையில் வைத்தாள்.

"இப்ப நீங்க கட்டிக்கிட்டு முன்னால போங்க. நான் பின்னாலேர்ந்து நெருக்குறேன்."

6

முடிவு அ: ஆய்வாளர் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை மிஷின்கள் ஏறின. புதன்கிழமை பிற்பகல், அணைக்க மறந்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து (நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்களுக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்த வாக்கியத்தைத் தொடங்கியே இருக்கமாட்டேன்.)

முடிவு ஆ: கையெழுத்திடவில்லை. சரக்கு அறையை இடித்துப் படிக்கட்டு எழும்ப மூன்று மாதம். ஆர்டர் போயிற்று. சரியான முடிவுதான். ஆனால் அந்த மூன்று மாதம் முப்பத்திரண்டு வீடுகளில் உலை எப்படிக் கொதித்தது? இந்த முடிவைத் திறந்தால் எனக்கும் எதிரே ஒரு சுவர் தெரிகிறது.

கட்டடத்துக்கு இரண்டு வழி வேண்டும் என்கிறது விதி. கதைக்கும் அதுதானே நியாயம்? எனவே இத்தனை நேரம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் அத்தானின் சொந்த அலுவலகம் இருக்கிறது. அகலமான கூடம், முன்வாசல், பின்வாசல், இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. மிஷின்களை நெருக்கிப் போட்டால் முப்பத்திரண்டும் அடங்கும். அத்தான் அங்கே தனியாக உட்கார்ந்து தேநீர் குடிப்பது வழக்கம்.

இப்போது அத்தான் கண்கட்டோடு, கதவை நோக்கி முதல் அடி வைக்கிறார். ஆய்வாளரின் பேனா திறந்திருக்கிறது. அக்கா கணவரின் முதுகில் கைவைத்தபடி, கீழ்த்தளத்தைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறாள்.

எவ்வளவு நெருக்குவாள், அவர் எத்தனையாவது அடியில் சம்மதிப்பார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நான்காம் தளத்தில் வேலை இருக்கிறது. அந்தச் சலவை இயந்திரம் ஒற்றை ஆளுக்கு நகராது. கை கொடுக்க வந்தீர்களானால், அதற்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்தே பார்த்துவிடலாம். குடிவந்து பதினாறு வருடம் ஆயிற்று. நான் இன்னும் பார்த்ததில்லை.